காதம்மாவின் பத்து நாட்கள்

அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் காது தப்பாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், சொந்தத் தம்பி, தம்பி மனைவி, யாராக இருந்தாலும் சரி. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாளின் வலது கை எழும்பி, எதிரில் நிற்பவரின் காது மடலை ஒரு நொடி தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். திருகுவதில்லை, இழுப்பதில்லை. கடையில் துணியின் கனம் பார்ப்பதுபோல இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தடவல், அவ்வளவுதான். உடம்பு நன்றாக இருக்கிறது என்று கேட்காமலே ஒரு சான்றிதழும் கொடுத்துவிடுவாள். மீட்டர்காரர் முதல் தடவை பயந்துபோய் யூனிட்டைத் தப்பாக எழுதிக்கொண்டு போனார். இப்போதெல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். தெரு அவளுக்குக் காதம்மா என்று பெயர் வைத்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஒரே ஒரு காதுதான் அவள் கையில் சிக்கியதில்லை. அது அவள் வீட்டுக்காரருடையது. கை கிட்டே போனாலே தலையைச் சிலுப்பிக்கொண்டு, "நான் என்ன மாடா?" என்பார். அவர் சிலுப்பும் அழகைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்விக்கு இல்லை என்று சட்டென்று சொல்ல வராது.

காதம்மா மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவள் இல்லை. தையல்காரரின் மகள். பதினெட்டு வயதுவரை அவளுக்குத் தெரிந்த பால், பாக்கெட்டில் வந்த பால். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஒரு மாடு பின்னாலிருந்து அவள் சேலைத் தலைப்பை நக்கியபோது அவள் ஓடிய ஓட்டம் இன்றைக்கும் குடும்பத்தில் பேச்சு. ஆனால் அப்பாவின் கை அவளுக்கு இருந்தது. எதையும் தொட்டுத்தான் தெரிந்துகொள்வாள். ஒரு வருஷத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டே வைக்கோலின் ஈரம் சொன்னாள், தவிட்டில் கலப்படம் சொன்னாள். அளவு நாடாவை மாட்டின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து எடையும் சொன்னாள். அப்பா விட்டுப்போன தையல் சாக்கட்டிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. கொட்டகைக் கதவில் கணக்குப் போட அதுதான்.

அவள் வீட்டுக்காரருக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு. கடைசிச்சொட்டு. அவர் கறந்து எழுந்த மடியில் அப்புறம் யார் உட்கார்ந்து இழுத்தாலும் ஒரு சொட்டு வராது. மடியில் பால் தங்கினால் மடி நோய் வரும், சுத்தமாகக் கறக்கிறவன்தான் கறவைக்காரன் என்று அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது. அது பொய்யும் இல்லை. மற்ற நாளில் அதுதான் சரி. கன்று போட்ட முதல் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் அது எமன்.

அதை அவர்கள் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் என்று ஒரு மாடு இருந்தாள். நாலாவது ஈற்று. மடியோ குடம். கன்று போட்ட கையோடு கடைசிச்சொட்டு உட்கார்ந்து ஒட்டக் கறந்துவிட்டார். அன்று சாயங்காலமே மூத்தவள் தள்ளாடினாள், படுத்தாள், கழுத்தை மடித்து விலாப்பக்கம் வைத்துக்கொண்டாள். பலவீனம் என்று நினைத்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வாயில் எண்ணெயும் கஞ்சியும் ஊற்றினார்கள். விழுங்கத் திராணியில்லாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விட்டது. டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பால் சுரக்கச் சுரக்க ரத்தத்திலிருக்கும் சுண்ணாம்புச் சத்து அதோடு இறங்கிவிடும், அதுவும் முழுசாகக் கறந்தால் தாங்காது, இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர் என்றார் டாக்டர். காய்ச்சல் என்று யார் பெயர் வைத்தார்களோ, அவர்களைக் கூட்டிவந்து மூத்தவளின் காதைத் தொடச் சொல்ல வேண்டும். காதம்மா தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. முதலில் குளிர்வது காதுதான் என்று டாக்டர் சொன்னது அவள் விரலில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கன்று போட்ட மாட்டுக்குப் பத்து நாள் தனிச் சட்டம். கதவில் சாக்கட்டியால் பத்துக் கட்டம். தினமும் காலையில், மதியம், மாலையில் காது பார்ப்பாள், மூக்கில் ஈரம் பார்ப்பாள், நஞ்சுக்கொடி விழுந்ததா, சாணம் போட்டதா, அசை போடுகிறதா, மூச்சில் நோய்க்கு அடையாளமான பழ வாசனை வருகிறதா என்று பார்ப்பாள். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கட்டத்தில் ஒரு கோடு. முதல் மூன்று நாள் கறவையின்போது வீட்டுக்காரருக்குப் பின்னால் நின்றுகொள்வாள். வாளி பாதி நிறைந்ததும் அவர் முட்டிக்கு நடுவிலிருந்து அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அவர் கையில் காம்போடு அந்தரத்தில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார். ஒன்பது வருஷமாக இது மாறவில்லை. ஒரு மாடும் அப்புறம் விழவில்லை.

அவளுடைய கண்ணில் புரை வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆபரேஷன் என்று பேச்செடுத்தால் ஏதாவது ஒரு மாடு சினையாக இருக்கும், இல்லாவிட்டால் ஈன்று இருக்கும். பதினொரு மாடு வைத்திருக்கிற வீட்டில் இதற்கு எங்கே முடிவு? கடைசியில் கூரியர் ஆபீசில் வேலை பார்க்கும் மகள்தான் காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு கறாராக ஒரு இடைவெளி கண்டுபிடித்தாள். மூத்தவளின் மகள் சிணுங்கி கன்று போட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கண்ணுக்குப் பத்து நாள் போதும். ஆபரேஷன் நடந்தது. பத்து நாளைக்குக் குனியக் கூடாது, தூசி ஆகாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, மாட்டுக் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்றார் கண் டாக்டர். தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்க்கலாமா என்று காதம்மா கேட்டாள். டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் லீவு போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

சிணுங்கிக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதே. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் விடிந்ததும் கன்று போட்டுவிட்டாள்.

சமையலறை ஜன்னலிலிருந்து கொட்டகைக்கு ஆறே காலடி. ஜன்னலோரம் நாற்காலி போட்டு, முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியோடு காதம்மா உட்கார்ந்திருந்தாள். கொட்டகைக்குள் இருட்டு. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பாக ஒரு வாசல்தான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கடைசிச்சொட்டு எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார். கன்றின் மூக்கைத் துடைத்தார், தொப்புளுக்கு மருந்து வைத்தார், தாய்க்கு வெதுவெதுப்பாகத் தண்ணீர் காட்டினார். செவலையில் நெற்றியில் வெள்ளைத் திட்டோடு பெண் கன்று. எழுந்து நின்று நாலு காலும் நாலு பக்கம் போய் விழுந்து மறுபடி எழுந்ததை அவர் ஜன்னலுக்கு வந்து நடித்தே காட்டினார். அறுபது வயசு மனிதர் இப்படி விழுந்து காட்டினால் வீட்டில் சிரிப்புக்குக் கேட்க வேண்டுமா. மகள் சிரித்ததில் டீ புரையேறியது.

எட்டு மணிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். விட்டபின் கால் மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மகள் கட்டிலைவிட்டு நகரவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில்தான் கறவை நடந்தது.

மதியம் பன்னிரண்டு மணிக்குக் காது பார்க்கச் சொன்னாள். நல்ல சூடாக இருக்கிறது என்று கொட்டகைக்குள்ளிருந்து பதில் வந்தது. ஒன்பது வருஷமாகக் கேலி செய்த வேலையை அவர் வாயைத் திறக்காமல் செய்கிறாரே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாப்பிட்டாள். சாய்ந்து உட்கார்ந்தாள். ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று பிடிபடவில்லை. ரேடியோவை நிறுத்தச் சொன்னாள். மகள் நிறுத்தினாள். அப்போதும் சரியாகவில்லை. இரண்டு மணி வாக்கில்தான் புத்தியில் தட்டியது.

சிணுங்கி சிணுங்கவில்லை.

அந்த மாட்டுக்கு அந்தப் பெயர் சும்மா வைத்ததல்ல. ஈ உட்கார்ந்தால் சிணுங்கும், தண்ணீர் தாமதமானால் சிணுங்கும், பக்கத்து மாட்டுக்கு முதலில் தீனி வைத்தால் ஒருமணி நேரம் சிணுங்கும். இன்றைக்குக் கன்று போட்டிருக்கிறாள். கன்று கத்துகிறது. தாயிடமிருந்து சத்தமே இல்லை.

காதம்மா மறுபடி காது பார்க்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில், சூடாகத்தான் இருக்கிறது, சும்மா படுத்திருக்கிறாள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு இன்னொரு சத்தமும் வந்தது. குழாய் திறந்திருக்கும் சத்தம்.

"என்னங்க, என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"கேன் கழுவிட்டிருந்தேன். நீ கூப்பிட்டதும் போய்த் தொட்டுட்டு வந்தேன்."

"அப்ப பன்னெண்டு மணிக்கு?"

"அப்பவும் வாளிதான் கழுவிட்டிருந்தேன்."

 போர்வெல் தண்ணீரில் ஊறி விறைத்த கைக்கு எந்தக் காதுதான் சூடாக இருக்காது? தொடுகிற கை எப்படி இருக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்று அந்த நேரத்திலும் அவள் தன்மேல்தான் கோபப்பட்டாள்.

"கைய விடுங்க. உங்க கன்னத்தை அது காதுல வச்சுப் பாருங்க" என்றாள்.

கொட்டகையில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்த மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை.

"சில்வர் டம்ளர் மாதிரி சில்லுனு இருக்கு" என்றார்.  "கழுத்தை மடிச்சு வச்சிருக்கு. மூத்தவள் வச்சிருந்த மாதிரி."

"காலைல எவ்வளவு கறந்தீங்க?"

 அறுபது வயசில் கணக்கு வாத்தியார் முன்னால் நிற்கிற முகம்.

"யாரும் வாளிய இழுக்கலையே" என்றார்.

ஏமாற்றச் சொன்னதல்ல அது. அவர் உட்கார்ந்தார், கறந்தார், பாதி வந்ததும் வாளி தானாகப் போய்விடும் என்று கை பாட்டுக்குக் கறந்துகொண்டே இருந்தது. ஒன்பது வருஷமாக நிறுத்துகிற வேலை அவருடையதாக இல்லை. அவளும் அதை வாயால் சொல்லிப் பழகியதில்லை. அதோடு, பெண்டாட்டி கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறாள், அவள் இல்லாத குறை தெரியாமல் எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்துவிட வேண்டும் என்று ஒரு வேகம். பதினொரு லிட்டர் சீம்பால். மடியைக் காலி செய்துவிட்டுச் சந்தோஷமாக எழுந்திருக்கிறார்.

காதம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வாசலில் மகள் குறுக்கே நின்றாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் நகரவில்லை.

"நீ உள்ள போனா கண்ணு போயிடும்மா. நீ இங்க இருந்தே சொல்லு, நான் செய்யறேன்" என்றாள்.

சாணி வாசனை ஆகாது என்று பத்து வருஷமாகக் கொட்டகைக்குள் காலே வைக்காத பெண். காதம்மா வாசலைவிட்டுத் திரும்பினாள். பிறகு போய் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாழ்க்கையில் அவள் செய்ததிலேயே கஷ்டமான காரியம் எது என்று கேட்டால் இன்றும் அந்த உட்கார்தலைத்தான் சொல்வாள்.

மகள் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள். ஜன்னலிலிருந்து ஒவ்வொன்றாக உத்தரவு வந்தது. வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கூடாது. பக்கவாட்டில் சாயவிடக் கூடாது. நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை அடைகொடுக்க வேண்டும். மேலே சாக்கு போர்த்தி முதுகைத் தேய்க்க வேண்டும். தகப்பனும் மகளுமாக மூட்டை தள்ளினார்கள். ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற துப்பட்டாவை மகள் மாட்டின் கழுத்துக்கு அடியில் சுருட்டி வைத்தாள். நடுவில் சொட்டு மருந்துக்கு வைத்திருந்த அலாரம் அடித்தது. சாணிக் கையோடு ஓடிவந்து, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, அம்மா கண்ணில் மருந்து விட்டுவிட்டு மறுபடி ஓடினாள்.

காதம்மா மல்லாந்து படுக்கவில்லை. தலையை மட்டும் பின்னால் சாய்த்துக்கொண்டாள். சிணுங்கி பிறந்த அன்றைக்கே தாயை இழந்தவள். புட்டியில் பால் கொடுத்து, காதைத் தடவித் தடவி வளர்த்ததெல்லாம் இந்தக் கைதான். இதுவும் அதே போல் போகுமென்றால், இந்தப் புதுக் கண்ணை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது என்று நினைத்தாள்.

டாக்டர் அம்மாள் ஸ்கூட்டரில் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. சின்னப் பெண், ஆனால் பதற்றம் என்பதே கிடையாது. கால்சியம் பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக் கேட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் கடைசிச்சொட்டு. மெதுவாக, மெதுவாக என்று டாக்டர் சொல்லச் சொல்ல, கை வலித்தாலும் அவர் அசையவில்லை.

ஜன்னலில் காதம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்க மட்டும்தான் முடிந்தது. முதலில் வைக்கோல் சரசரத்தது. உடம்பு நடுங்குகிறது என்று மகள் கத்தினாள். நடுங்கட்டும், நல்லது என்றது டாக்டரின் குரல். அப்புறம் ஒரு ஏப்பம் கேட்டது. சாதாரண ஏப்பமா அது? தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். தொடர்ந்து சாணம் விழும் சத்தம், தொப்பு தொப்பென்று. எந்தச் சங்கீதமும் காதம்மாவுக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. வைக்கோல் மூட்டை சாய்ந்தது, குளம்பு சிமெண்டில் வழுக்கியது, ஊன்றியது. அதன்பிறகு நீளமாக, இழுத்து, இத்தனை நேரம் என்னை யாரும் கவனிக்கவில்லையே என்கிற மாதிரி ஒரு சிணுங்கல்.

"அழலாமா கூடாதான்னு கண் டாக்டர் எதுவும் சொன்னாரா?" என்று ஓடிவந்த மகளிடம் கேட்டாள். அவள் பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டாள்.

டாக்டர் அம்மாள் கைகழுவிவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். இன்னும் ஒருமணி நேரம் போயிருந்தால் கால் நீட்டிப் படுத்திருக்கும் என்றாள். இரண்டு நாளைக்குப் பாதிப் பால்தான், நாளை மறுபடி வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, பழக்கம் தெரிந்தவளாக முடியை ஒதுக்கித் தலையைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். காதம்மா தொட்டுப் பார்த்து அனுப்பிவைத்தாள்.

கடைசிச்சொட்டு மட்டும் ஜன்னல் பக்கம் வரவில்லை. சாயங்காலம் வரை கொட்டகைக்குள்ளேயே ஏதேதோ கூட்டிக்கொண்டும் அள்ளிக்கொண்டும் இருந்தார். கன்றிடம் பேசும் சத்தம் கேட்டது. கையைத் தொடையில் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு அரைமணிக்கு ஒரு தரம் சிணுங்கியின் காதைப் பிடிக்கிறார் என்று மகள் வந்து சொன்னாள். சந்தேகத்துக்குக் கன்னத்தையும் வைக்கிறாராம்.

ஆறு மணிக்குக் கறவை. காதம்மா காதைக் கொடுத்தாள். காலி வாளியின் அடியில் பால் விழும்போது கணீரென்று கேட்கும். நிறைய நிறையச் சத்தம் மொத்தையாகும். கணீர் போய் மொத்தையானது. கால் வாளி. இன்னும் கொஞ்சம். பாதி. மகளைப் போய் வாளியை இழுக்கச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பிக்கும் என்று காத்திருந்தாள். நாற்பது வருஷக் கை, அவ்வளவு சுலபமாகவா விடும்? ஆரம்பிக்கவில்லை. முக்காலி நகர்ந்தது. ஆறு காலடிச் சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு முன்னால் வாளியைத் தூக்கிக் காட்டினார். பாதிக்கும் ஒரு விரல் கீழே இருந்தது. 

"மிச்சம் வச்சிட்டேன்" என்றார். "மடி என்னை முறைச்சுப் பாக்குது."

காதம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. திட்டுவதற்குக் காலையிலிருந்து சேர்த்துவைத்ததில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அவர் வாளியைக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு, முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, தலையைச் சாய்த்துக் காதைக் கம்பியோடு ஒட்டவைத்து நின்றார்.

அவள் இரண்டு விரலை வெளியே நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். கொதித்தது. வெட்கத்தில் இருக்கலாம், அழுததில் இருக்கலாம். அவள் விரலை எடுக்கவில்லை. அவரும் சிலுப்பவில்லை. உள்ளே சிணுங்கி, தன்னை விட்டுவிட்டு இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சிணுங்கத் தொடங்கியிருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள் காதம்மா. "பத்து நாளைக்குத் தினமும் மூணு வேளை பாக்கணும்."